நத்தை ஓடுகளும் பழங்கால ஏரிகளின் காலநிலையும்

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயல்களில் நடவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும் நாட்களில் நத்தை குத்தி நாரைகள் கூட்டமாக இறங்கும். அலகுகளை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும் அந்தப் பறவை தேடி வருவது, பள்ளி விலங்கியல் பாடத்தில் பைலா என்று படித்த பெரிய வயல் நத்தையை. தமிழ்நாட்டு ஏரி, வாய்க்கால்களின் சேற்றில் யாரும் பொருட்படுத்தாத இன்னொரு நத்தையும் உண்டு. திருகாணி போல நீண்டு, நுனி கூர்ந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் இருக்கும். விலங்கியலார் அதற்கு வைத்த பெயர் மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை நன்னீர் நிலைகளில் அது பரவியிருக்கிறது. சிந்துவெளி நகரங்கள் ஏன் கைவிடப்பட்டன என்ற நீண்ட வழக்கில் சாட்சியாகக் கொண்டுவரப்பட்டது இந்த நத்தையின் ஓடுதான்.

நத்தை தன் ஓட்டைத் தான் வாழும் நீரிலிருந்தே கட்டிக்கொள்கிறது. நீரில் கரைந்துள்ள கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து, அரகோனைட் என்னும் கனிமமாக ஓட்டின் விளிம்பில் நாள்தோறும் படிகின்றன. அந்தக் கார்பனேட்டில் இருக்கும் ஆக்சிஜன் அன்றைய ஏரி நீரின் ஆக்சிஜனை ஒட்டியே இருக்கும். நத்தை இறந்து ஓடு சேற்றில் புதைந்த பிறகு, ஓடு கரையாமலும் வேறு கனிமமாக மாறாமலும் இருந்தால், அந்த நீரின் தன்மை ஓட்டுக்குள் அப்படியே நின்றுவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஏரியின் தரையைத் தோண்டி, அடுக்கடுக்காகக் கிடைக்கும் ஓடுகளை ஆய்ந்து, அந்த ஏரி எப்போது நிறைந்திருந்தது, எப்போது சுருங்கியது என்று கணிப்பதே இந்த ஆய்வுமுறை.

எரிமலைப் பாறைகளுக்கு நடுவே குளத்து நத்தை

இந்தியாவில் புதைபடிவ நன்னீர் நத்தைகளைக் கொண்டு பழைய நீர்நிலைகளை ஊகிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த ஜான் மால்கம்சன், தக்காணத்தின் கருங்கல் பாறை அடுக்குகளுக்கு இடையே கிடைத்த புதைபடிவங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1840இல் லண்டன் புவியியல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அதில் விவரிக்கப்பட்டவற்றுள் ஃபைசா பிரின்செப்பி என்னும் நத்தையும் ஒன்று. பின்னர் நாகபுரியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சமயப் பணியாளர் ஸ்டீபன் ஹிஸ்லாப், அந்தப் பகுதியில் இத்தகைய ஓடுகளை ஏராளமாகச் சேகரித்து 1860இல் விரிவாக எழுதினார். மூன்றாண்டுகளில் அவர் வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஃபைசா குளத்தில் வாழும் நத்தை இனம். கடலில் வாழாது, உருகிய பாறைக் குழம்பில் வாழவே வாழாது. ஆகவே ஓர் எரிமலை வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே, நிலம் ஆறி, பள்ளங்களில் மழைநீர் தேங்கி, அதில் உயிர்கள் குடியேறும் அளவுக்கு நீண்ட இடைவெளி இருந்திருக்கிறது என்று அந்த ஓடு ஒன்றே சொல்லிவிட்டது. இன்றைய கணிப்பில் அந்தப் பாறைகளின் வயது ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகள்.

இது நத்தையின் இனத்தைப் பார்த்துச் சொல்லும் சான்று. எந்த நத்தை இருக்கிறது, எது மறைந்தது என்பதைக் கொண்டு நீர் நன்னீரா, உவர்நீரா, ஓடும் நீரா, தேங்கிய நீரா என்று கூறலாம். ஆழமும் மழையும் எவ்வளவு மாறின என்று கேட்டால் அந்த முறையிடம் பதில் இல்லை. அதற்கு ஓட்டின் வடிவம் போதாது, ஓட்டின் அணுக்களை எண்ண வேண்டியிருந்தது.

யூரியின் வெப்பமானி

ஆக்சிஜனில் மூன்று நிலையான ஐசோடோப்புகள் உண்டு. பத்தாயிரம் ஆக்சிஜன் அணுக்களை எடுத்தால் ஏறக்குறைய 9976 அணுக்கள் ஆக்சிஜன்-16, 20 அணுக்கள் ஆக்சிஜன்-18, மீதி நான்கு ஆக்சிஜன்-17. வேதியியல் நடத்தையில் இவை கிட்டத்தட்ட ஒன்றே. எடையில்தான் சிறு வேறுபாடு.

அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து பழங்கால வெப்பநிலையை அறியலாம் என்று காட்டியவர் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்டு யூரி. கன ஹைட்ரஜனைக் கண்டறிந்ததற்காக 1934இல் நோபல் பரிசு பெற்றவர். நீரிலிருந்து கார்பனேட் படியும்போது ஆக்சிஜன்-18 எந்த விகிதத்தில் அதில் சேரும் என்பது நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது என்று 1947இல் வெளியான கட்டுரையில் அவர் கணக்கிட்டுக் காட்டினார். குளிர்ந்த நீரில் படிந்த ஓட்டில் கனமான ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாக இருக்கும். கணக்கு எளிது, அளப்பதுதான் கடினம். ஒரு பாகை வெப்ப மாற்றத்துக்கு அந்த விகிதம் மாறுவது ஆயிரத்தில் கால் பங்குக்கும் குறைவு. அதை அளக்கும் அளவுக்கு நிறை நிறமாலைமானியைத் திருத்தி அமைக்கவே சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவரது குழுவுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

1951இல் யூரி, லோவன்ஸ்டாம், எப்ஸ்டைன், மெக்கின்னி ஆகிய நால்வரும் வெளியிட்ட முடிவு இன்றும் படிக்கச் சுவையானது. கணவாய் மீனுக்கு உறவான பெலம்னைட் என்னும் அழிந்துபோன கடல் உயிரியின் உட்கூட்டை, மரத்தின் ஆண்டு வளையம் போல வளையம் வளையமாகச் சுரண்டி அளந்தார்கள். ஜுராசிக் காலத்து அந்த உயிரி மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டு, ஏறக்குறைய நான்கு வயதில் இறந்தது என்று தெரியவந்தது. உலகெங்கும் கார்பனேட் அளவீடுகளுக்கு ஒப்பீட்டு அலகாக வைக்கப்பட்டதும் தென் கரோலினாவின் பீடீ பாறையில் கிடைத்த ஒரு பெலம்னைட்டே. பெலம்னைட்டைப் பார்க்க விரும்பும் மாணவர் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தின் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் அவை பென்சில் துண்டுகள் போலச் சிதறிக் கிடந்தவை.

கடலுக்குச் சரி, ஏரிக்கு?

யூரியின் முறை கடல் உயிரிகளுக்குப் பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. கடல் மிகப் பெரியது. அதன் நீரின் ஐசோடோப்பு விகிதம் எளிதில் மாறாது. நீர் மாறாதபோது ஓட்டில் தெரியும் மாற்றத்தை வெப்பநிலையின் கணக்கில் எழுதலாம். ஏரி அப்படியில்லை. ஏரியில் நீரே மாறிக்கொண்டிருக்கும்.

மரக்காணத்திலோ வேதாரண்யத்திலோ உப்பளப் பாத்தியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பாத்தியில் நீர் வற்ற வற்ற, மிஞ்சிய நீரில் கரிப்பு கூடிக்கொண்டே போகிறது. ஆக்சிஜன்-18 கதையும் ஏறக்குறைய அதுதான். ஆக்சிஜன்-16 கொண்ட நீர் மூலக்கூறு இலேசானது, முந்திக்கொண்டு ஆவியாகும். ஆக்சிஜன்-18 கொண்டது பின்தங்கும். வெயில் காயக் காய ஏரியில் மிஞ்சும் நீரில் கனமான ஆக்சிஜனின் பங்கு உயர்கிறது. உப்பைப் போல அது முழுவதும் தங்கிவிடாது, அதுவும் ஆவியாகும், சற்று மெதுவாக. அவ்வளவே வேறுபாடு.

இதனுடன் மழையின் குணமும் சேர்கிறது. டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்டு 1964இல் உலகின் பல நிலையங்களில் பெய்த மழைநீரின் அளவீடுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார். வெப்ப மண்டலத்தில் மழை மிகுதியாகப் பெய்யும் மாதங்களில் மழைநீர் இலேசாகவும், குறைவாகப் பெய்யும் மாதங்களில் கனமாகவும் இருப்பதை அவர் காட்டினார். ஆகவே பருவமழை வலுத்தால் ஏரிக்கு இலேசான நீர் வருகிறது. ஏரியும் நிறைந்து, ஆவியாதலின் பாதிப்பு குறைகிறது. பருவமழை பொய்த்தால் வரும் கொஞ்ச நீரும் கனமானது. வெயில் அதை மேலும் கனமாக்குகிறது. இரண்டு விளைவுகளும் ஒரே திசையில் செல்வது ஆய்வாளருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

ஆனால் இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஓட்டில் பதிவாவது மழையின் அளவு அல்ல. ஏரிக்கு வந்த நீருக்கும் ஏரியிலிருந்து ஆவியாகிப் போன நீருக்கும் இடையிலான வரவு செலவு நிலுவையே அதில் பதிவாகிறது. இத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று எந்த நத்தையும் சொல்லாது. இந்த முறையைப் பற்றிப் படிக்கும் மாணவர் மறக்கக் கூடாதது இது ஒன்றே. செய்தித்தாள்கள் அடிக்கடி மறப்பதும் இதையே.

நன்னீர் ஓடுகள் வாழிட நீரைச் சரியாகப் பிரதிபலிக்கின்றனவா என்பது தனியாகச் சோதிக்கப்பட வேண்டியிருந்தது. கனடாவில் ஃபிரிட்ஸும் போப்லாவ்ஸ்கியும் 1974இல் நன்னீர் மெல்லுடலிகளின் ஓடுகளை அவை வாழ்ந்த நீருடன் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை அமைத்தது. 1999இல் மெலனி லெங்கும் உடன் ஆய்வாளர்களும் எத்தியோப்பியப் பிளவுப் பள்ளத்தாக்கு ஏரிகளில், இன்று வாழும் மெலனாய்டிஸ் ஓடுகளையும் ஹோலோசீன் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்த பழைய ஓடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஹோலோசீன் என்பது கடந்த 11,700 ஆண்டுக் காலம். எத்தியோப்பியாவில் பயன்பட்ட அதே நத்தை இந்தியச் சேற்றிலும் கிடைக்கிறது என்பது அடுத்த கட்டத்துக்கு வழி திறந்தது.

கோட்லா தாஹர்

ஹரியானாவின் மேவாத் பகுதியில், இன்றைய நூஹ் மாவட்டத்தில், கோட்லா தாஹர் என்னும் பழைய ஏரிப் படுகை இருக்கிறது. பருவமழையை நம்பி நிறைந்து, வெயிலில் சுருங்கிய மூடிய படுகை. சிந்து நாகரிகக் குடியிருப்புகள் பரவியிருந்த நிலப்பரப்பின் கிழக்கு விளிம்பை ஒட்டி அமைந்தது.

இடம் முக்கியமானது. சிந்து நகரங்களின் வீழ்ச்சிக்கு வறட்சியே காரணம் என்ற கருத்து புதிதல்ல. குர்தீப் சிங் ராஜஸ்தான் ஏரிகளின் மகரந்தத் தூளைக் கொண்டு, சிந்து நாகரிகம் செழித்த காலத்தில் அங்கே மழை மிகுந்திருந்தது என்று 1971இல் எழுதினார். 1999இல் என்சலும் குழுவினரும் லூன்கரன்சர் ஏரியின் படிவுகளைக் காலம் கணித்து, அந்த ஏரி நகரங்கள் எழும் முன்பே வற்றிவிட்டது, எனவே வறண்ட சூழலிலேயே நகரங்கள் வளர்ந்தன என்று மறுத்தனர். 2003இல் ஸ்டாப்வாசரும் உடன் ஆய்வாளர்களும் சிந்து ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால் கடலடிப் படிவுகளில் 4200 ஆண்டுகளுக்கு முந்தைய மாற்றம் ஒன்றைக் காட்டினர். தார் பாலைவனத்தின் ஏரியும் அரபிக் கடலின் அடித்தளமும் பேசின. மக்கள் வாழ்ந்து பயிரிட்ட சமவெளியிலிருந்து சான்று போதவில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யமா தீட்சித், டேவிட் ஹோடல், கேமரன் பெட்ரி மூவரும் கோட்லா தாஹர் ஆய்வை 2014இல் புவியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். அந்த வட்டாரத்துத் தொல்லியல் இடங்களில் பெட்ரியும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஆர். என். சிங்கும் சேர்ந்து நடத்திவந்த நிலம், நீர், குடியிருப்பு பற்றிய கூட்டுத் திட்டத்தின் பின்னணியில் இது நடந்தது. ஏரிப் படிவுகளிலிருந்து மெலனாய்டிஸ் ஓடுகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்து, 6500 ஆண்டு நீளமான பதிவு ஒன்றை உருவாக்கினர்.

இப்படிப்பட்ட ஆய்வில் உழைப்பெல்லாம் எண்ணைப் பெறுவதற்கு முன்னால் இருக்கிறது. ஒரு நத்தையின் ஆயுள் சில ஆண்டுகளே. ஒற்றை ஓடு ஒரு நல்ல மழை ஆண்டையோ ஒரு கெட்ட கோடையையோ மட்டும் காட்டலாம். அதை ஒரு நூற்றாண்டின் குரலாக எடுத்துக்கொண்டால் தவறு. எனவே ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் பல ஓடுகளை அளப்பது நல்லது. ஓடு இன்னும் அரகோனைட்டாகவே இருக்கிறதா, மண்ணுக்குள் கால்சைட்டாக மாறிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். மாறியிருந்தால் பழைய செய்தி அழிந்துவிட்டது என்று பொருள். காலக்கணிப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. ரேடியோகார்பன் முறையில் ஓட்டையே காலம் கணித்தால், சுண்ணாம்புப் பாறையிலிருந்து நீரில் கரைந்து வந்த பழைய கார்பனும் ஓட்டில் கலந்திருக்கும். ஓடு உண்மை வயதைவிட மூத்ததாகக் காட்டும். நிலத்துத் தாவரத் துண்டு கிடைத்தால் அதை நம்புவது மேல். வறண்ட படுகைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை.

கோட்லா தாஹரில் கிடைத்த முடிவு இது: ஏறக்குறைய 4100 ஆண்டுகளுக்கு முன் ஓடுகளின் ஆக்சிஜன்-18 விகிதம் சட்டென்று ஆயிரத்துக்கு 4 பங்கு உயர்ந்தது. அதாவது, முன்பு ஆயிரம் கன அணுக்கள் இருந்த அளவு ஓட்டில் இப்போது 1004. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் யூரியின் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஒரு பாகை குளிர்ச்சிக்கு ஆயிரத்தில் 0.2 முதல் 0.25 பங்கு வரை உயரும் என்றால், 4 பங்கு உயர ஏரி 16 முதல் 20 பாகை வரை குளிர்ந்திருக்க வேண்டும். ஹரியானாவில் அப்படியொரு குளிர் வந்திருக்க வழியில்லை. வெப்பநிலையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நீர்தான்: ஏரிக்கு வரும் நீர் குறைந்து, ஆவியாதல் விஞ்சியிருக்கிறது. கோடைப் பருவமழை வலுவிழந்ததன் அடையாளம் என்று ஆய்வாளர்கள் இதைப் படித்தனர். அந்தத் தளர்ச்சி ஏறக்குறைய 200 ஆண்டுகள் நீடித்து, பிறகு மழை மீண்டது என்பது அவர்கள் கணிப்பு.

வறட்சியும் வீழ்ச்சியும்

இந்த 4100 என்ற எண்ணை நம் ஆண்டுக்கணக்குக்கு மாற்றுவதில் மாணவர்கள் இடறுவதுண்டு. ரேடியோகார்பன் கணக்கில் இன்று என்பது 1950ஐக் குறிக்கும். எனவே 4100 ஆண்டுகளுக்கு முன் என்றால் ஏறக்குறைய கி.மு. 2150. அங்கிருந்து 200 ஆண்டுகள் கி.மு. 1950 வரை வருகின்றன. சிந்து நாகரிகத்தின் நகர்ப்புறக் காலம் ஏறக்குறைய கி.மு. 2600 முதல் 1900 வரை என்பது பொதுவான கணிப்பு. நகரங்கள் கைவிடப்படத் தொடங்கிய காலமும் ஏரி சுருங்கிய காலமும் அருகருகே வருகின்றன.

அருகருகே வருவது ஒன்று. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு. இரு பக்கத்துக் காலக்கணிப்பிலும் பல பத்தாண்டுகள் முன்பின் ஆகும் இடைவெளி இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களே, காலநிலை ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்ற அளவில்தான் நின்றார்கள். ஊடகங்களில் அது இருநூறாண்டு வறட்சி சிந்து நாகரிகத்தை அழித்தது என்று மாறிப்போனது. ஏரி சுருங்கியதை நத்தை பார்த்தது. ராகிகடியின் உழவர் அந்த ஆண்டுகளில் என்ன விதைத்தார், யார் வீட்டைக் காலி செய்தார் என்பதை அது பார்க்கவில்லை. அதற்குத் தொல்லியலாளரின் மண்வெட்டியே வேண்டும்.

அந்த மண்வெட்டி காட்டுவது வேறு வகையான படம். வடமேற்கு இந்தியச் சமவெளியின் சில பகுதிகளில் குளிர்கால மழையும் கோடை மழையும் இரண்டுமே பெய்யும். அங்கிருந்த உழவர்கள் கோதுமை, பார்லியுடன் சிறுதானியம், நெல், பயறு என்று பலவற்றையும் பயிரிட்டிருக்கிறார்கள். மழை மாறிக்கொண்டே இருக்கும் நிலத்துக்கு அவர்கள் முன்பே பழகியவர்கள் என்று பெட்ரியும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வாதிட்டனர். பெருநகரங்கள் சுருங்கியபோது மக்கள் மறைந்துவிடவில்லை. சிறு ஊர்களில், பெரும்பாலும் கிழக்கு நோக்கிப் பரவி வாழ்ந்தார்கள். வீழ்ச்சி என்ற சொல்லே இங்கே சற்றுப் பெரிய சொல். தமிழில் எழுதும்போது நகர வாழ்வின் தளர்ச்சி என்று குறிப்பது பொருத்தமாக இருக்கும்.

ஒரே ஏரியை வைத்துப் பருவமழையின் வரலாற்றை எழுதிவிட முடியாது என்பதும் அதே ஆய்வாளர்களின் பிற ஆய்வுகளிலிருந்து தெரிகிறது. ஹரியானாவின் ரிவாசா என்னும் பழைய ஏரியின் படிவுகள், 8200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை திடீரெனத் தளர்ந்ததைக் காட்டின. ராஜஸ்தானின் வட பகுதியில் உள்ள கர்சாந்தியில் ஜிப்சம் படிகத்துக்குள் அடைபட்ட நீரையும் அளந்தனர். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, அங்கே 5100 முதல் 4400 ஆண்டுகளுக்கு முன் வரை மழை வலுத்திருந்தது. நகரங்கள் எழுந்த காலம் அதனுள் அடங்குகிறது. ஒவ்வொரு படுகைக்கும் தனித்தனி ஆழம், தனித்தனி நீர்வரத்து. ஒன்று வற்றும்போது இன்னொன்றில் முழங்கால் அளவு நீர் நிற்கும்.

அதே 2018இல் பன்னாட்டுப் புவியியல் ஒன்றியம் ஹோலோசீனின் கடைசிப் பகுதிக்கு மேகாலயக் காலம் என்று பெயரிட்டது. மேகாலயாவின் மாவ்ம்லூ குகையில் வளர்ந்த சுண்ணாம்புக் கூம்பு ஒன்றில் பதிவான, 4200 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சியே அதன் தொடக்க எல்லை. குகைக் கூம்பில் அளக்கப்பட்டதும் ஆக்சிஜன்-18தான். அந்த வறட்சி எகிப்து முதல் சீனம் வரை நாகரிகங்களைச் சாய்த்தது என்ற விளக்கத்தைத் தொல்லியலாளர் சிலர் உடனே எதிர்த்தனர். அந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை.

வீராணத்தில் ஏன் முடியாது

இவ்வளவையும் படிக்கும் சிதம்பரத்து மாணவருக்கு இயல்பாக எழும் கேள்வி: வீராணம் ஏரியில் தோண்டினால் சோழர் காலத்து மழை தெரியுமா? ஏரி பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் பராந்தக சோழனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரே அதன் பெயருக்கு மூலம். கரை ஏறக்குறைய 16 கி.மீ. நீளம். கொள்ளளவு 1465 மில்லியன் கன அடி. ஆயிரம் ஆண்டுச் சேறும் நத்தையும் அங்கே இருக்கத்தான் வேண்டும்.

முதல் தடை நீரின் பிறப்பிடம். வீராணத்துக்குப் பெரும் நீர்வரத்து கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. அது காவிரி நீர். குடகு மலையில் தென்மேற்குப் பருவமழையாக விழுந்தது. மறுபுறம் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை போன்றவை வடகிழக்குப் பருவமழை நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வங்கக் கடல் புயல்களோடு வரும் வடகிழக்கு மழை பொதுவாக ஐசோடோப்பு அளவில் தென்மேற்கு மழையைவிட இலேசானது. இரண்டும் கலந்த நீரில் வளர்ந்த ஓட்டில் ஆக்சிஜன்-18 குறைந்தால், கடலூரில் புயல்மழை கூடியதா, காவிரி நீர் குறைவாக வந்ததா என்று பிரிப்பது எப்படி? இரண்டாவது தடை மதகுகள். ஏரி மூடிய படுகை அல்ல. நீர் வந்து, பாசனத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. தேங்கி ஆவியானால்தான் ஆக்சிஜன்-18 திரளும்.

மூன்றாவது தடை, ஒரு வகையில் பெருமைக்குரியது. தமிழ்நாட்டு ஏரிகள் தூர் வாரப்பட்டுவந்தவை. வீராணத்தைக் கண்ட அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் பேசப்படுகிறது. ஏரியில் குழி தோண்டி மண் எடுப்பதற்காக வைத்த அறக்கட்டளைகளைச் சோழர், பல்லவர் கல்வெட்டுகளில் காணலாம். இப்போதும் உழவர்கள் கோடையில் ஏரி வண்டலை வயலுக்கு எடுத்துச் செல்கிறார்கள். வயலுக்கு அது உரம், ஏரிக்கு அது கொள்ளளவு. காலநிலை ஆய்வாளருக்கோ ஒரு டிராக்டர் சுமையில் சில நூற்றாண்டுகள் போய்விடுகின்றன. ஊர் ஏரியைத் தூர் வார வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மேலிருந்து கீழாக அடுக்கு மாறாத சேறு வேண்டுமென்றால், மனிதர் வெட்டாத இயற்கைப் படுகையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தென்னிந்தியாவில் பழங்காலநிலை வேறு சாட்சிகளிடம் கேட்கப்பட்டது. ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நீலகிரியின் கரிச்சேற்றில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளைக் கொண்டு, ஏறக்குறைய 20,000 ஆண்டுகளில் அங்கே புல்வெளியும் சோலைத் தாவரங்களும் மாறிமாறி ஓங்கியதைக் காட்டினர். கரிச்சேறு அமிலத்தன்மை கொண்டது. அதில் நத்தை ஓடு கரைந்துபோகும், இலையும் தண்டும் மிஞ்சும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் அப்படியொரு பழைய சதுப்பின் எச்சமே. மிகத் தொன்மையான அந்தக் காட்டை ஆய்வாளர்கள் மகரந்தத் தூளின் வழியாகவே பார்க்கிறார்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தின் அலையாத்திச் சேற்றிலும், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தார் உட்பட, ஆய்வாளர்கள் தேடியது மகரந்தத்தையும் உப்புத்தன்மையின் தடயங்களையும்தான். வெள்ளாற்று நீரும் கடல் நீரும் ஒரே நாளில் இருமுறை மாறி மாறி ஏறும் அந்த இடத்தில் நத்தை ஓட்டைப் படித்தால், மழைக்கு முன்னால் கடலின் ஏற்றமே தெரியும்.